எண்ணிக்கை சரியாத்தான் இருந்தது

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற ஆள். பழைய கதைகளைத் தோண்டித் தோண்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

வெளியூர் நண்பர்களுக்கு எங்க ஊர் எங்கே இருக்குன்னு புரிய வைக்கிறது பெரும்பாடு. கோட்டுச்சேரின்னா, "எந்த ஸ்டேட்?"ன்னு கேப்பாங்க. பாண்டிச்சேரி. "ஓ, அப்ப கடலூர் பக்கமா?" இல்லீங்க. பாண்டிச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி, காவிரி கடலைத் தொடுற இடத்துல, சுத்திலும் தமிழ்நாடு இருக்க நடுவுல காரைக்கால்னு ஒரு துண்டு. அந்தத் துண்டோட வடக்கு ஓரம் நாங்க. பஸ் ஏறித் தரங்கம்பாடி பக்கம் போனா மாநிலம் மாறிடும். 1739-ல் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்து (நடுவுல சில தடவை இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கிட்டதை விட்டுடுவோம்), 1954 நவம்பர் 1 வரைக்கும் அவனோட ஊராவே இருந்தது. இன்னும் ரெண்டு துண்டு இருக்கு. மாஹே கேரளாவுல, ஏனாம் ஆந்திராவுல. எல்லாம் சேத்தா ஒரு பாண்டிச்சேரி. எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருக்கிற இடம்தான் வேற வேற.

இதை ஏன் சொல்றேன்னா, இந்தப் பதிவோட விஷயமே அதுதான். ஒரு துண்டு தன் இடத்தை விட்டு வேற இடத்துல போய் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுது தம்பி, பேரு மட்டும் போடாத"ன்னாங்க. அடையாளம் தெரியற மாதிரி இருந்த ரெண்டு மூணு விவரத்தையும் மாத்தியிருக்கேன்.) சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்காங்க. கல்யாணமாகி ரெண்டு தடவை கரு கலைஞ்சது. மூணாவது தடவை ஒரு பெண் குழந்தை. பிறந்தப்பவே எடை கம்மி. மார்ல வாய் வெச்சு உறிஞ்சத் தெம்பில்லை. பாலாடையில சொட்டுச் சொட்டா ஊத்தித்தான் பிழைக்க வெச்சாங்க. கை விரலெல்லாம் குட்டை குட்டையா, நகம் பேருக்கு ஒட்டின மாதிரி.

அப்புறம் நடந்தது உங்க ஊர்லயும் நடக்கிறதுதான். கிரகணத்தன்னிக்கு வாசலுக்கு வந்தாளாம்னு ஒரு பேச்சு. திருநள்ளாறு எங்களுக்குக் கூப்பிடு தூரம், அங்க போய் எள் விளக்கும் போட்டாச்சு. "அவ வயித்துலதான் ஏதோ கோளாறு"ன்னு மாமியார் வாய்விட்டே சொன்னாங்க. அந்த மாமியார் அக்காவோட சொந்த அத்தை, அப்பா கூடப் பிறந்தவங்கங்கறதையும் சேத்துப் பாத்துக்குங்க. படிச்சவங்க தரப்புக்கும் ஒரு காரணம் ரெடியா இருந்தது: "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்." இதைச் சொன்னது ஒரு ஆஸ்பத்திரியில. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம்.

அஞ்சாறு மாசம் கழிச்சு வேற ஒரு டாக்டர், குழந்தைக்குக் குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட்டைப் பாத்துட்டு அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் அதே டெஸ்டை எழுதினார். அக்காவுது சுத்தமா நார்மல். மாமாவோட ரிப்போர்ட்ல 46 குரோமோசோமும் இருந்தது, ஆனா பக்கத்துல ஒரு குறிப்பு. ஒன்பதாம் நம்பர்லேர்ந்து ஒரு துண்டு பதினஞ்சாம் நம்பர்ல போய் ஒட்டியிருக்குன்னு. அந்தத் தாளைக் கொண்டு வந்து, "கணக்கு எழுதறவன்தானே, இது என்னன்னு பாருப்பா"ன்னு மாமா என்கிட்ட நீட்டினார். அன்னிக்கு ஆரம்பிச்ச படிப்புதான் இந்தப் பதிவு.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம். (குரோமோசோமை ஈழத்து நண்பர்கள் நிறமூர்த்தம்ங்கறாங்க. நல்ல சொல்தான். எனக்கென்னவோ குரோமோசோம்தான் வாய்க்கு வருது.) வீட்டு அலமாரியில 23 பாகம் உள்ள கலைக்களஞ்சியம் ரெண்டு செட் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு செட் அம்மா கொடுத்தது, ஒரு செட் அப்பா கொடுத்தது. மொத்தம் 46 புத்தகம். நமக்குக் குழந்தை பிறக்கும்போது, ஒவ்வொரு பாகத்துக்கும் ரெண்டுல ஒண்ணை எடுத்து, 23 புத்தகமா கொடுக்கிறோம்.

மாமாவோட அலமாரியில ஒரு பைண்டிங் கோளாறு. ஒரு ஒன்பதாம் பாகத்தோட முன்பகுதியைக் கிழிச்சு ஒரு பதினஞ்சாம் பாகத்தோட முன்னாடி சேத்துத் தெச்சுட்டான். பதினஞ்சோட முன்னாடி இருந்த, பெரிசா ஒண்ணும் எழுதாத தாள் நாலு ஒன்பதுல போய் ஒட்டிக்கிச்சு. அலமாரியை மொத்தமாப் படிச்சா ஒரு பக்கம்கூட குறையாது. அதனால மாமாவுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல உசரம், நல்ல உடம்பு, கபடி ஆடின ஆள். எங்க பாஷையில சொன்னா ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆயிடும், எண்ட்ரி மட்டும் வேற பேரேட்டுல கிடக்கும்.

குழந்தைக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். ஒன்பதுல ரெண்டு இருக்கு: சரியானது, கிழிஞ்சது. பதினஞ்சுலயும் ரெண்டு: சரியானது, ஒட்டுப்போட்டது. ரெண்டும் சரியானதா எடுத்தா குழந்தை சாதாரணக் குழந்தை. கிழிஞ்சதும் ஒட்டுப்போட்டதும் சேந்தே போனா அப்பா மாதிரி, உடம்புக்கு ஒண்ணுமில்லை. சரியான ஒன்பதோட ஒட்டுப்போட்ட பதினஞ்சு போனா, ஒன்பதோட முன்பகுதி அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ரெண்டு, ஆக மூணு பிரதி. இதுதான் பகுதி ட்ரைசோமி. பாப்பாவுக்கு நடந்தது இது. கிழிஞ்ச ஒன்பதோட சரியான பதினஞ்சு போனா, அந்தப் பகுதி ஒரே ஒரு பிரதிதான். அந்த மாதிரி கரு பல நேரம் தங்கறதே இல்லை. நாலுல ரெண்டு சங்கடம், அதனால ஐம்பது சதவீதம்னு கணக்குப் போட்டுடாதீங்க. பல கரு யாருக்கும் தெரியாமலே கரைஞ்சுடும். எந்தத் துண்டு, எவ்வளவு நீளம்ங்கறதைப் பொறுத்துக் குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கு மாறும்.

முக்கியமான இடம் இது: பாப்பாவோட குரோமோசோமை எண்ணினா அதுவும் 46தான். எண்ணிக்கை சரியாத்தான் இருந்தது.

இந்தக் குழந்தைகளைப் பத்தின சரித்திரம் முழுக்க ஒரே கேள்வியைச் சுத்தித்தான் ஓடியிருக்கு: யார் தப்பு? 1866-ல் இங்கிலாந்துல ஜான் லாங்டன் டௌன் ஒரு கட்டுரை எழுதினார். இப்ப டௌன் சிண்ட்ரோம்னு சொல்ற குழந்தைகளை முதல் தடவையா ஒரு தனி வகையாப் பிரிச்சுக் காட்டினவர் அவர். காட்டினதோட நிக்கலை. முகத்தைப் பாத்து மங்கோலிய இனத்துச் சாயல்னு பேர் வெச்சார். காரணம் பெற்றோருக்கு இருந்த காசநோய்னு முடிவும் கட்டினார். அவருக்கப்புறம் வந்தவங்க பால்வினை நோய்ன்னாங்க, குடின்னாங்க. ஷட்டில்வொர்த்னு ஒருத்தர், இந்தக் குழந்தைகள் நிறையப் பேர் பெரிய குடும்பத்துல கடைக்குட்டியா இருக்கிறதைப் பாத்து, தாயோட கர்ப்பப்பை களைச்சுப் போச்சு, இவை வேலை முடியாத குழந்தைகள்னு 1909-ல் எழுதினார். எங்க தெருப் பேச்சுக்கும் இதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? அவர் தாள்ல எழுதினார், இவங்க திண்ணையில பேசினாங்க.

1933-ல் லயனல் பென்ரோஸ் கொஞ்சம் ஒழுங்கா எண்ண ஆரம்பிச்சார். அப்பாவோட வயசு, அம்மாவோட வயசு, எத்தனையாவது பிரசவம், எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சுப் பாத்து, அம்மாவோட வயசுக்குத்தான் சம்பந்தம்னு காட்டினார். கர்ப்பப்பை களைப்புக் கதை அதோட செத்தது. ஆனா சின்ன வயசுத் தாய்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்குதே, சில குடும்பத்துல திரும்பத் திரும்ப வருதே? அதுக்கு அப்ப பதில் இல்லை.

பதில் சொல்லணும்னா முதல்ல குரோமோசோமை எண்ணத் தெரியணும். அங்கதான் தமாஷு. மனுஷனுக்கு மொத்தம் 48ன்னு தியோஃபிலஸ் பெயின்டர் 1923-ல் சொல்லி வெச்சார். (46ஆ 48ஆன்னு அவருக்கே முதல்ல சந்தேகம்.) முப்பது வருஷம் உலகமே 48ன்னு ஒப்பிச்சது. பாத்தவங்க கண்ணுக்கும் 48 தெரிஞ்சது! அந்தக் காலத்துல செல்லுக்குள்ள குரோமோசோம் எல்லாம் கொத்தா, நூல்கண்டு சிக்கினாப்ல கிடக்கும். 1950களோட தொடக்கத்துல அமெரிக்காவுல டி.சி. சூங்கறவரோட லேப்ல யாரோ உப்புத் தண்ணியைத் தப்பான அளவுல கலந்துட்டாங்க. செல் உப்பி, குரோமோசோம் அழகாப் பிரிஞ்சு கிடந்தது. தப்பாக் கலந்தது யாருன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவே இல்லையாம். இந்த வித்தையையும் கால்ச்சிசின்ங்கற மருந்தையும் வெச்சு, ஜாவாவுல பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல, 1955 டிசம்பர்ல எண்ணிப் பாத்தார். 46. அவரும் ஆல்பர்ட் லெவனும் 1956-ல் அதை வெளியிட்டாங்க.

இந்தக் கால்ச்சிசின் நமக்கு அந்நியமில்லை. நம்ம செங்காந்தள் இருக்கே, தமிழ்நாட்டோட மாநிலப் பூ, கண்வலிக்கிழங்குன்னு வேதாரண்யம் பக்கம் வேலியில படர்ந்து கிடக்குமே, அந்தக் கிழங்குலயும் விதையிலயும் இருக்கிற விஷம்தான் அது. பிரியப் போற செல்லை நடுவழியில நிறுத்தி வெச்சுடும். குரோமோசோம் கெட்டியாத் தெரியற நேரம் அதுதான். குரோமோசோம் எண்ணுறதும் நமக்குப் புதுசில்லை. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல 1930கள்லயே ஜானகி அம்மாள் கரும்போட குரோமோசோமை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. 1945-ல் டார்லிங்டனோட சேந்து பயிர்களோட குரோமோசோம் அட்லஸே போட்டாங்க. கடைசிக் காலத்துல சென்னை மதுரவாயல்ல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்து 1984-ல் காலமானாங்க. அவங்களைப் பத்தி மட்டுமே தனியா ஒரு பதிவு போடணும்.

இனிமே கதை பாரீசுக்குப் போகுது. எங்க ஊர்க்காரங்களுக்கு பாரீஸ் அடுத்த தெரு மாதிரி. வீட்டுக்கு ஒருத்தர் அங்கதான். சொல்தா பென்ஷன்லயே பிள்ளைங்களைக் கரையேத்தின குடும்பங்கள் இருக்கு. இந்தக் கதையோட முதல் பாதியை எனக்குச் சொன்னதே அங்க இருக்கிற என் சின்ன மாமாதான். 2022-ல் மார்த் கோத்தியே இறந்தப்ப பேப்பர்ல படிச்சுட்டு போன்ல சொன்னார்.

கோத்தியே 1925-ல் ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தவங்க. குழந்தைகள் டாக்டர். இதய நோய் படிக்க 1955-ல் ஒரு வருஷம் அமெரிக்காவுல ஹார்வர்டுக்குப் போனவங்க, அங்க பகுதி நேரமா ஒரு லேப்ல செல் வளர்க்கிற வேலையைக் கத்துக்கிட்டாங்க. திரும்பி வந்ததும் பாரீஸ் ட்ரூஸோ மருத்துவமனையில சேந்தாங்க. அங்க பேராசிரியர் ரேமோன் தூர்ப்பேன், டௌன் குழந்தைகளோட குரோமோசோமைப் பாக்க ஆசை, செல் வளர்க்கத்தான் ஆளில்லைங்கறார். "எனக்கு வரும், இடம் கொடுங்க"ன்னு இவங்க முன்வந்தாங்க. கிடைச்சது ஒரு பழைய அறை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு சென்ட்ரிஃப்யூஜ், சுமாரான ஒரு மைக்ராஸ்கோப். காசு கிடையாது. கண்ணாடிச் சாமான் வாங்க சொந்தமாக் கடன் வாங்கினாங்க. செல் வளர்க்க பிளாஸ்மா வேணுமேன்னு சேவல் வாங்கி வளர்த்தாங்க. மனுஷ சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துக்கிட்டாங்க. சம்பளமில்லாத வேலைக்குக் கைக்காசு போட்டுப் பண்றவங்களைப் பாத்தா எனக்கு எப்பவும் ஒரு மரியாதை.

1958-ல் டௌன் குழந்தையோட செல்லுல 46க்குப் பதில் 47 தெரிஞ்சது. போட்டோ எடுக்கிற அளவுக்கு அவங்க மைக்ராஸ்கோப் நல்லா இல்லை. ஜெரோம் லெஜூன்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர், படம் எடுத்துத் தரேன்னு ஸ்லைடை வாங்கிட்டுப் போனார். அப்புறம் அது அவங்க கைக்குத் திரும்பி வரலைன்னு கோத்தியே பின்னாளில் எழுதினாங்க. 1959 ஜனவரி 26-ல் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில கட்டுரை வந்தது. முதல் பேர் லெஜூன், நடுவுல இவங்க, கடைசியில தூர்ப்பேன். நடுப் பேரையும் தப்பா அச்சடிச்சாங்க, மார்த் இல்லை, மரின்னு. ஐம்பது வருஷம் கழிச்சு 2009-ல்தான் அவங்க தன் தரப்பை எழுதினாங்க. லெஜூன் 1994-லேயே காலமாயிட்டதால அவர் பதில் சொல்ல வழியில்லை. அவர் பேர்ல இருக்கிற அறக்கட்டளை இந்தக் கதையை ஏத்துக்கறதில்லை. 2014-ல் பிரான்சோட இன்செர்ம் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஆராய்ஞ்சு, கண்டுபிடிப்புல லெஜூனோட பங்குதான் பெரும்பங்குன்னு சொல்றது கஷ்டம்ங்கற மாதிரி கருத்துச் சொல்லுச்சு. என் கட்சி எதுன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு, லெஜூனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்தடுத்து அவர் குழுவிலிருந்து வந்ததைப் பாத்தா தெரியும்.

47ங்கறது விடை தெரிஞ்ச கேஸ். ஒரு முழுப் புத்தகம் கூடுதல். பெரும்பாலான டௌன் குழந்தைகளுக்கு, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு, அதுதான். அது குடும்பத்துல வழிவழியா வர்றது இல்லை. மிச்சம்?

லண்டன் கைஸ் மருத்துவமனையில பால் போலானின்னு ஒரு டாக்டர், இத்தாலியில ட்ரியஸ்தே ஊர்லேர்ந்து வந்தவர், அந்த மிச்சத்தைத் தேடினார். வயசான தாய்க்குப் பிறந்த குழந்தையை விட்டுட்டு, வேணும்னே சின்ன வயசுத் தாய்களோட டௌன் குழந்தைகளை எடுத்துப் பாத்தார். 1960-ல் ஒரு சிறுமி கிடைச்சா. டௌன் சிண்ட்ரோம்னு பாத்ததும் தெரியுது. எண்ணினா 46! எல்லாரும் 47ஐத் தேடிக்கிட்டு இருக்கிற நேரத்துல இது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சார்லஸ் ஃபோர்டு குழு சேந்து உத்துப் பாத்ததுல, ஒரு குரோமோசோம் இருக்க வேண்டியதை விடப் பெரிசா இருந்தது. 21ஆம் நம்பர் ஒண்ணு வேற ஒரு குரோமோசோம் மேல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தது. எண்ணிக்கை 46, சரக்கு 47க்கு. அதே வருஷம் பென்ரோஸ் குழுவும் மத்தவங்களும் இந்த மாதிரி குழந்தைகளோட சொந்தக்காரங்களைப் பாத்தாங்க. ஒரு நோயும் இல்லாத ஆளுங்ககிட்ட அதே ஒட்டு. அவங்களை எண்ணினா 45தான், ரெண்டு ஒண்ணாயிட்டதால. குடும்பத்துல ஏன் திரும்பத் திரும்ப வருதுங்கற முப்பது வருஷக் கேள்விக்கு அங்கதான் பதில். (இப்படி ரெண்டு குரோமோசோம் ஒட்டறதை 1916-லேயே வெட்டுக்கிளியில பாத்து எழுதினவர் ராபர்ட்சன். அதனாலதான் அதுக்கு ராபர்ட்சோனியன் இடமாற்றம்னு பேர்.)

அதே 1960-ல் அமெரிக்காவுல பீட்டர் நோவெல் குழு, சிவப்புக் காராமணி மாதிரி இருக்குமே ராஜ்மா, அதுலேர்ந்து எடுக்கிற ஒரு சத்தைப் போட்டா ரத்தத்துல இருக்கிற வெள்ளணு பிரிய ஆரம்பிக்கும்னு கண்டுபிடிச்சுப் பயன்படுத்தினாங்க. அதுவரைக்கும் திசுவைக் கீறி எடுக்கணும். அதுக்கப்புறம் ஒரு சிரிஞ்சு ரத்தம் போதும். குழந்தைக்கு மட்டும் இல்லாம அம்மா, அப்பா, தாத்தா, பாட்டின்னு குடும்பத்தையே டெஸ்ட் பண்ண வழி பிறந்தது அப்பதான். ராஜ்மாவும் கண்வலிக்கிழங்கு விஷமும் இல்லைன்னா அக்கா இன்னிக்கு வரைக்கும் பேச்சு வாங்கிக்கிட்டு இருந்திருப்பாங்க.

அப்பவும் குரோமோசோம் எல்லாம் ஒரே சாயத்துல குச்சி குச்சியாத்தான் தெரியும். நீளத்தை வெச்சு ஒரு கும்பலா அடையாளம் காட்டலாம். இது ஒன்பது, இது பத்துன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. 1970 வாக்குல ஸ்வீடன்ல காஸ்பர்சனும் லோரே செக்கும் குயினாக்ரின் சாயத்தால வரி வரியா தெரிய வெச்சாங்க. 1971-ல் இங்கிலாந்துல மரினா சீப்ரைட் டிரிப்சின் போட்டு ஜீம்சா சாயம் ஏத்தற எளிய முறையைக் கொண்டு வந்தாங்க. இன்னிக்கும் லேப்ல பண்றது கிட்டத்தட்ட அதுதான். அதுக்கப்புறம் எந்தத் துண்டு எங்கேயிருந்து எங்கே போச்சுன்னு விரல் வெச்சுக் காட்ட முடிஞ்சது.

1970-ல் லெஜூன் குழுவுல இருந்த மரி ஒதில் ரெத்தோரே, நாலு குழந்தைகளைச் சேத்து ஒரு கட்டுரை எழுதினாங்க. நாலு பேருக்கும் ஒன்பதாம் குரோமோசோமோட குட்டைக் கை மூணு பிரதி. உள்வாங்கின கண்ணு, முனை பருத்த மூக்கு, கீழே இறங்கின வாயோரம், குட்டை விரல், சின்ன நகம், மெதுவான வளர்ச்சி. இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க தெருவுல ஓடற பாப்பாவை, அவ பிறக்கிறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி, பாரீஸ்ல ஒரு டாக்டரம்மா உக்காந்து வர்ணிச்சு வெச்சிருக்காங்க! பகுதி ட்ரைசோமிகள்ல ஒன்பதோட குட்டைக் கைதான் உயிரோட பிறக்கிற குழந்தைகள்ல அடிக்கடி பாக்கறதுல ஒண்ணு. நிறைய கேஸ்ல அம்மா அப்பாவுல ஒருத்தர்கிட்ட அந்த இடமாற்றம் இருக்கும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். 11ஆம் நம்பரும் 22ஆம் நம்பரும் துண்டு மாத்திக்கிறது உலகம் முழுக்க சம்பந்தமே இல்லாத குடும்பங்கள்ல ஒரே இடத்துல நடக்குது. ஃபிலடெல்ஃபியாவுல பெவர்லி இமானுவேல் அதையே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி, அந்த இடத்துல டி.என்.ஏ. எழுத்து முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி வர்ற விகடகவி அமைப்புல இருக்கு, அதான் அங்கயே உடையுதுன்னு காட்டினாங்க. அந்தக் குழந்தைகளோட நிலைக்கு 2004-லேர்ந்து இமானுவேல் சிண்ட்ரோம்னு பேர்.

சரி, சொந்தத்துல கட்டினதாலதான்ங்கற பேச்சுக்கு வருவோம். சொந்தத்துல கட்டறதுல ஒரு ஆபத்தும் இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஒரே பழுதான ஜீன் ரெண்டு பக்கமும் இருந்து, ரெண்டும் சேந்து வந்தாத்தான் வரும்ங்கற நோய்களுக்கு அது காரணம்தான். ஆனா இடமாற்றம் அந்த ஜாதி இல்லை. ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். மாமா யாரோ முன்பின் தெரியாத ஊர்ப் பொண்ணைக் கட்டியிருந்தாலும் இதே கதைதான். கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை, கர்ப்பத்துல என்ன சாப்பிட்டாங்கங்கறதுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் துண்டு அவரோட அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கும், இல்லை அவர்கிட்டயே புதுசா ஆரம்பிச்சிருக்கும்.

துண்டு மாத்திக்கிட்ட ஆளுங்க சுமார் 500 பேருக்கு ஒருத்தர்னு சொல்றாங்க. 2011 கணக்குப்படி காரைக்கால் மாவட்டத்துல ரெண்டு லட்சம் பேர். என் மனக்கணக்குல 400 பேர் வருது. ஆய்வு இல்லை, வெறும் வகுத்தல். அந்த 400 பேரும் பைக் ஓட்டிக்கிட்டு, வலை இழுத்துக்கிட்டு, ஸ்கூல்ல பாடம் எடுத்துக்கிட்டு, தங்களுக்குத் தெரியாமலே இருப்பாங்க. திரும்பத் திரும்பக் கரு கலையற தம்பதிகள்ல நூத்துக்கு மூணு நாலு பேர்கிட்ட இந்த மாதிரி ஏதாவது கிடைக்கும். ஆண்கிட்டயும் இருக்கும், பெண்கிட்டயும் இருக்கும். ரத்தம் எடுத்தா ரெண்டு பேர்கிட்டயும் எடுக்கணும்ங்கறது அதனாலதான். எங்க பக்கம் என்ன நடக்குதுன்னா, பொண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட்டிக்கிட்டு அலைவாங்க, மாப்பிள்ளை வெளியில டீக்கடையில நிப்பார்.

ஒரு நுணுக்கம், யாருக்காவது உதவும். இப்ப மைக்ரோஅரேன்னு புது டெஸ்ட் இருக்கு. பழைய முறையில தெரியாத சின்னச் சின்ன கூடுதல் குறைவுகூட தெரியும். குழந்தைக்கு அது சரி. அப்பா அம்மாவுக்கு அதை எடுத்தா ஒண்ணும் தெரியாது, ஏன்னா அவங்ககிட்ட கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மாறினதைப் பாக்க அந்தப் பழைய, கண்ணால பாக்கிற, 1970கள் காலத்து டெஸ்ட்தான் வேணும். "லேட்டஸ்ட் டெஸ்டே எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்"னு யாராவது சொன்னா, எந்த டெஸ்ட்னு ஒரு வார்த்தை கேளுங்க.

தெரிஞ்சுட்டா என்ன பண்ணலாம்? அடுத்த கர்ப்பத்துல சிசுவோட குரோமோசோமைப் பாக்கலாம். 1994 சட்டம் ஆணா பெண்ணான்னு சொல்றதைத்தான் தடுக்குது, குரோமோசோம் கோளாறு பாக்கிறதுக்கு அனுமதி உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தையும் 2021-ல் திருத்தி, கடுமையான குறைபாடுன்னு மருத்துவக் குழு முடிவு பண்ணினா வார வரம்பு இல்லைன்னு ஆக்கியிருக்காங்க. பாக்கணுமா, பாத்துட்டு என்ன பண்ணணும்ங்கறது அந்தந்தக் குடும்பத்தோட விஷயம். அக்கா வீட்டுல ரெண்டாவதா ஒரு பையன் இருக்கான். அவனுக்கு வயித்துல இருக்கும்போதே பாத்தாங்க. அப்பா மாதிரியே, இடம் மாறின ரெண்டும் சேந்து வந்திருக்கு. இப்ப மூணு வயசு, தெருவுல ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விடறதில்லை. பெரியவனானதும் அவன்கிட்ட இதைச் சொல்லணும்னு ரிப்போர்ட்டைப் பத்திரமா ரேஷன் கார்டோட வெச்சிருக்காங்க.

பாப்பாவுக்கு ஏழு வயசு. நடக்க ரொம்ப நாளாச்சு, பேச்சு இன்னும் சில வார்த்தைதான். என்னைப் பாத்தா "கணக்கு"ன்னு கூப்பிடுவா.

மாமா ரிப்போர்ட் வந்தன்னிக்கு வீட்டுல ரெண்டு நாள் யாரும் யார்கூடவும் பேசலையாம். அப்புறம் டாக்டர், அது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கு நல்லதுன்னு மாமாவோட அம்மாவையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். அத்தைகிட்ட இருந்தா, அவங்க கூடப் பிறந்தவங்ககிட்டயும் இருக்கலாம், அவங்க பிள்ளைங்களுக்கும் போயிருக்கலாம். அத்தை முடியாதுன்னுட்டாங்க. "என் வயித்துல பிறந்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னு ஒரே வார்த்தை. நான்கூட ஒரு தடவை போய் இந்தக் கலைக்களஞ்சியக் கதையெல்லாம் சொல்லிப் பாத்தேன். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "காப்பி குடிச்சிட்டுப் போப்பா"ன்னாங்க.

அக்காவை அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் சொன்னதில்லையாம். பாப்பாவுக்குத் தலை பின்னி விடறது அவங்கதான்.

மாமாவோட தங்கச்சிக்கு இப்ப மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு. போன மாசம் யாருக்கும் சொல்லாம அண்ணியைக் கூட்டிக்கிட்டு பாண்டிச்சேரி போய் ரத்தம் கொடுத்துட்டு வந்திருக்கா. ரிசல்ட் இன்னும் வரலை.